கண்ணோரத்தில் இருந்த பெயர்

என் வலது கண் பல வருடங்களாக ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. அதற்கும் துக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் பெண்ணைப் பெற்றவரைவிட நான்தான் அதிகம் கலங்கிப்போயிருப்பதாகத் தெரியும். சாவு வீட்டில் மட்டும் பொருத்தமாக இருக்கும். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது, புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் என்னை ஒரு தப்புக்காகத் திட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். காப்பியும் வாங்கிக் கொடுத்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கண்ணில் ஊறும் தண்ணீர் மூக்குக்குள் வடிந்துபோக இமையோரத்திலிருந்து ஒரு மெல்லிய பாதை இருக்கிறது. எனக்கு அது அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் மூக்கோரத்தில் தேங்கியது. தேங்கின இடத்தில் கிருமி குடியேறாமல் இருக்குமா? காலையில் இமைகள் ஒட்டிக்கிடக்கும். மூக்கோரத்தை அழுத்தினால் சீழ் வரும். நானும் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்தே காலத்தை ஓட்டினேன். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு பழையபடி வேலையைக் காட்டும்.

என் இடது கண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேரி தீவில் தோட்டத்துப் பையனாகத் திரிந்த காலத்தில் செம்பனை மட்டையின் முள் அதில் குத்திவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆக, பிழைப்பு முழுக்க அந்த அழுமூஞ்சி வலது கண்ணை நம்பித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதிலும் புரை விழுந்தது.

புரை எல்லோருக்கும்தான் விழுகிறது. என் வயதுக்காரர்கள் அதைப் பற்றி மழை பெய்கிறது என்பதுபோலப் பேசிக்கொள்வார்கள். என்னால் மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் கையால் பேசுகிறவர்கள். எனக்குக் கண் போனால் அவள் பேச்சும் என்னை விட்டுப் போய்விடும்.

அவளைக் கட்டிக்கொள்வதற்காகத்தான் நான் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பாதி, நாங்கள் வீட்டில் உண்டாக்கிக்கொண்டது பாதி. வெளியாட்கள் பார்த்தால் பாவமாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதற்கெல்லாம் அவசியமே இல்லை. நாங்கள் கூட்டமான கொமுட்டர் ரயிலில் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், அத்தனை பேரையும் பற்றி வம்பு பேசியிருக்கிறோம். அவள் பிளாட்பாரத்திலும் நான் கண்ணாடிக்கு உள்ளேயுமாக, ரயில் நகரும்வரை சண்டை போட்டிருக்கிறோம். அவள் கையால் சொன்னதை இங்கே எழுதும்போது, என் மனதில் கேட்கிற தமிழில்தான் எழுத வருகிறது. அவளுக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்.

அவள் கிள்ளானில் ஒரு பேக்கரியில் கேக்குக்குப் பூப்போடுகிற வேலை பார்க்கிறாள். புரை முற்ற முற்ற, அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு அவள் என்னிடம் பேசுவதுபோல ஆகிவிட்டது. கை அசைவது தெரியும். எந்த விரல் மடங்கியது, எது நீண்டது என்று தெரியாது. பாதியை ஊகித்துத் தலையாட்டினேன்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். புரையை எடுத்து லென்ஸ் வைத்துவிடுவார், வெள்ளிக்கிழமைக்குள் பளிச்சென்று ஆகிவிடும் என்று கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கருவி வழியாகப் பார்த்தார். பிறகு மூக்கோரத்தை விரலால் மெல்ல அழுத்தினார். சீழ் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அங்கிள், இந்தக் கண்ணை இப்ப நான் கத்தியால தொட மாட்டேன்.”

“ஏன் டாக்டர்? புரை சின்ன ஆபரேஷன்னு எல்லாரும் சொல்றாங்களே.”

“ஆபரேஷன் சின்னதுதான். ஆனா கண்ணைத் தொறந்து வேலை செய்யிறப்ப, இங்க இருக்கிற கிருமி உள்ள போயிடுச்சுன்னா கண்ணே போயிடும். உங்களுக்கு வேற கண்ணும் இல்ல. மொதல்ல இந்த அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணணும். ஆறினதுக்கு அப்புறம் கண்ணு மேல இருந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். கெட்ட கிருமி இல்லன்னு வந்தாத்தான் புரை.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆபரேஷன் கேட்டு வந்தவனுக்கு இரண்டா? வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “பாருங்க அங்கிள். ஆனா அவங்களும் இங்க அழுத்திப் பாத்தாங்களான்னு கேட்டுக்கோங்க” என்றார். வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜன்னல் கண்ணாடியை முறைத்துக்கொண்டே போனேன். அந்தப் பிடிவாதக்காரப் பெண்ணுக்கு இன்று நான் தினமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். சரி சரி என்று தலையாட்டுகிற டாக்டர் வாய்த்திருந்தால் என் கதி என்ன?

அடைப்புக்கான ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். மூக்கோரத்து எலும்பில் சின்னதாக வழி உண்டாக்கி, தண்ணீர் நேரே மூக்குக்குள் இறங்கும்படி செய்துவிட்டார்கள். அந்த வழி மூடிப்போகாமல் இருக்க நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்று கொஞ்ச காலத்துக்கு உள்ளேயே இருந்தது. அதன் சுருள் உள் கண்ணோரத்தில் லேசாகத் தெரியும். கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டையில் கசந்தது. ஒரு நாள் தலைவலிக்குத் தைலத்தை உறிஞ்சினேன். மூக்கில் ஏற வேண்டிய காரம் கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டில் துள்ளிக் குதித்தேன். என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

ஆனால் கண் அழவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அத்தனை வருடத்துக்குப் பிறகு கைக்குட்டை மடித்தது மடித்தபடி சட்டைப்பையில் கிடந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மூக்கைச் சிந்தாதீர்கள் என்றார், சிந்தவில்லை. தலையணை உறையை அடிக்கடி மாற்றச் சொன்னார், மாற்றினேன். கண்ணைத் தொடவே கூடாது என்றார், தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் சாம்பிள் எடுத்து முடிவு வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

“இன்னும் கெட்டது இருக்கு அங்கிள். சீழ் நின்னுடுச்சு. ஆனா கிருமி இருக்கு. புரை இப்ப பண்ண முடியாது.”

அடைப்பு போய்விட்டது, தண்ணீர் ஓடுகிறது, பிறகு எங்கிருந்து வருகிறது இந்தச் சனியன்? புதிதாக மருந்து கொடுத்து, பொறுத்திருந்து மறுபடி எடுக்கலாம் என்றார். அந்த வாரங்களில் நான் வீட்டில் ஆளாளுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தேன். தண்ணீர் வெட்டு வந்து போன பிறகு குழாயில் வரும் கலங்கல் தண்ணீர், பக்கத்து வீட்டுப் பூனை, மின்விசிறியின் தூசி. கடைசியில் என் மனைவியின் பேக்கரி மாவையும் விடவில்லை. அவள் ஏப்ரனைக் கழற்றி என் தலையில் போட்டாள்.

சண்டை போட்டாலும் இரண்டு பேருக்கும் உள்ளூரப் பயம். புரை முற்றிக்கொண்டே போனது. கிருமி போகாமல் புரையைத் தொட மாட்டார்கள். கிருமி போவதற்குள் அவள் கையில் எதுவும் எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவள் பேக்கரியில் விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். அதுவரை அவளுக்கு அங்கே வர நேரம் வாய்த்ததில்லை. அந்த விடுப்புக்குத்தான் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். “கண்ணைத் தொடுறீங்களா?”

“இல்லவே இல்ல டாக்டர். சத்தியமா.”

என் மனைவி என் முழங்கையைத் தட்டினாள். கையை அகல விரித்து, நான் பார்க்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு, ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னாள். எங்கள் மகள் ஜொகூரில் இருக்கிறாள், முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளைப் போய்ப் பார்த்துவர இந்தக் கண்ணோடு எனக்கு நீண்ட பஸ் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமாம். “மகளைப் பாக்கத்தானே? கேக்கிறேன், இரு” என்று நான் கையால் பதில் சொன்னேன்.

“நிறுத்துங்க!” என்றார் டாக்டர். நான் விரல்களை அந்தரத்தில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

“இப்ப என்ன பண்ணீங்க அங்கிள்?”

“பேசினேன்.”

“கண்ணைத் தொட்டீங்க.”

“இல்ல லா டாக்டர். மகளோட பேரைச் சொன்னேன்.”

விளக்க வேண்டியதாயிற்று. கையால் பேசுகிறவர்கள் எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு அடையாளம் இருக்கும், அதுதான் அவர் பெயர். எங்கள் மகளுக்குப் பிறக்கும்போதே வலது கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டினாற்போல் ஒரு மச்சம். தொட்டிலில் கிடந்தவளை முதன்முதலாகப் பார்த்ததும் என் மனைவி ஆள்காட்டி விரலால் தன் கண்ணோரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். அன்றைக்கு வைத்த பெயர் அது. பிறப்புப் பத்திரத்தில் இருப்பது வேறு பெயர். வீட்டில் அவள் இந்தப் பெயர்க்காரிதான்.

பிள்ளை உண்டாகியிருக்கும் மகளைப் பற்றி ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேச்சு வரும்? காலையில் அவள் சாப்பிட்டாளா என்பதில் ஆரம்பித்து, படுக்கும்வரை அவள் பேச்சுத்தான். ஒவ்வொரு தடவையும் நான் பாசாரில் காய்கறி வாங்கும் பையையும் கதவுப் பிடியையும் தொட்ட விரலால், குழாய் வைத்த அந்த ஓரத்திலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணைத் தொடாதே என்று சொன்னபோது நான் கசக்குவதை விட்டேன், சொறிவதை விட்டேன். பேசுவது தொடுவதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவிக்கும் தோன்றவில்லை. வாயால் பேசுகிற ஒருவர் ‘அம்மா’ என்று சொல்லும்போது உதட்டை உதடு தொடுகிறது என்று எண்ணுவாரா?

டாக்டர் சிரிக்கவில்லை. “இதுதான் காரணம்னு நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இதை நிறுத்தணும். கண்டிப்பா நிறுத்தணும்” என்றார்.

நான் மனைவிக்குச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. கை அழுக்கு என்றால் கழுவிக்கொள்ளட்டும், பெயரை எதற்கு விட வேண்டும் என்றாள். காது கேட்காதவர்கள் மத்தியில் பெயர் வைப்பது அவர்கள் உரிமை. அதில் நான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி; அபிப்பிராயம் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. ரயிலில் அவள் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் வாயை, அதாவது கையை, மூடிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே கைப்பேசி வீடியோவில் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மகளுக்குக் காது கேட்கும், ஆனால் கைப்பேச்சுத்தான் அவள் தாய்மொழி. கைப்பேசித் திரை எனக்குத் தெரியாது என்பதால், மகள் வாயாலும் சேர்த்துச் சொன்னாள்.

“அதுக்கா இவ்வளவு சோகம்? தாடைக்கு மாத்தும்மா. மச்சம் கொஞ்சம் கீழ எறங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிறேன். அப்பா கண்ணு முக்கியம் லா.”

என் மனைவி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு தாடையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். புதுச் செருப்பு போட்டு நடந்து பார்ப்பவள்போல இன்னொரு தடவை தட்டினாள். சரி என்று தலையசைத்தாள். முப்பது வருடம் கூப்பிட்ட பெயரை என் கண்ணுக்காக ஒரு தாயும் மகளும் இப்படி இடம் மாற்றிவிட்டார்கள். நான் எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தேன். அப்போது கண்ணில் வந்த தண்ணீருக்கு அடைப்பைக் காரணம் சொல்ல முடியாது.

பழக்கம் லேசில் போகவில்லை. என் விரல் தானாக மேலே கிளம்பும். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். கடைசியில் மகள் பேச்சை எடுத்தாலே என் வலது கையில் காப்பி மக்கைத் திணித்துவிட்டாள். இடது கையால் திக்கித் திக்கிப் பேசினேன்.

குழாயை எடுத்துவிட்டு, கொஞ்ச நாள் விட்டு மறுபடி சாம்பிள் எடுத்தார்கள். முடிவைக் கேட்க இரண்டு பேருமாகப் போனோம்.

“நல்லா இருக்கு அங்கிள். புரை பண்ணலாம்.”

“ஒரு கிருமிகூட இல்லையா?”

“இருக்கு. ஆனா அது எல்லார் கண்ணுலயும் இருக்கிறது. எனக்கும் இருக்கு, ஆன்டிக்கும் இருக்கு. ஆபரேஷன் அன்னைக்கு மருந்து போட்டுக் கண்ணை நல்லாக் கழுவிட்டுத்தான் ஆரம்பிப்போம். மத்த நாள்ல அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். அது இருக்கிற எடத்துல கெட்டது வந்து சுலபமா உக்கார முடியாது.”

இதை மனைவிக்குச் சொன்னபோது அவள் வியப்போடு என் கண்ணை உற்றுப் பார்த்தாள், அதற்குள் யாரோ குடித்தனம் இருப்பது தெரியும் என்பதுபோல. “அவங்களுக்கும் நன்றி சொல்லு” என்றாள். சொல்லத்தான் வேண்டும். நான் தூங்கும்போதும் காவல் இருக்கிற ஆட்களாம். இத்தனை வயதுக்கு நான் கிருமி என்றாலே ஒழிக்க வேண்டியது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்காமலே உதவுகிறவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

புரை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலை டாக்டர் கண்ணின் மூடியை எடுத்தார். முதலில் வெளிச்சம் கூசியது. பிறகு சுவரில் ஒரு எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். டாக்டருக்கு நெற்றியில் சின்னத் தழும்பு இருப்பதைப் பார்த்தேன். இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன். “ஐயோ அங்கிள், வேணாம் லா” என்று அவர் என் கையை இறக்கிவிட்டார்.

வெளியே கூடத்தில் என் மனைவி எழுந்து நின்றாள். நரை இவ்வளவு கூடியிருப்பதும், கன்னத்தில் அடுப்புச் சூடு பட்ட கறுப்பும் எனக்குப் புதிது. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, அகல விரித்து, மெதுவாக, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “தெரியுதா? நான், தெரியிறேனா?” கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக என்னிடம் கத்தித்தான் பேசியிருக்கிறாள். சாப்பிடு, மருந்து, மழை, கதவு என்று, பெரிதாகச் சொல்லக்கூடிய சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மறுபடியும் கையை உயரத் தூக்கினாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்து மேசைமேல் இறக்கி வைத்தேன்.

“சின்னதாச் சொல்லு. தெரியுது” என்றேன்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, சோற்றுத் தட்டுக்கு மேலே, விரல் நுனிகளை மட்டும் அசைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது என்னிடம் ரகசியம் பேசுவாளே, அந்த அளவு.

“நீ பாக்க முடியாமப் போயிட்டா, இந்த வீட்டுல நான் யார்கிட்டப் பேசுவேன்னு தினமும் பயந்தேன்” என்றாள். “உன்கிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். பயத்தை எப்படிப் பெருசாச் சொல்றதுன்னு தெரியல.”

நான் ஒரு சொல்லையும் விடாமல் பார்த்தேன். அவள் விரல்கள் நிற்கவில்லை. சேர்த்து வைத்திருந்த இரண்டு வருடத்தையும் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.